இரண்டு முடிச்சுப் போட்ட பை

வாசல் கூடத்தின் தரை ஒட்டியது. சும்மா ஒட்டவில்லை. நடக்கிறவர்களின் காலடியில் 'சர்க், சர்க்' என்று சத்தம் போட்டு, என்னைத் துடைத்த ஆள் யார் என்று ஊரைக் கூட்டிக் கேட்பதுபோல ஒட்டியது.

துடைத்த ஆள் பளிங்கு. சொந்தப் பெயர் அவர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும்தான் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு அதிகாரி, அவர் துடைத்த தரையில் குனிந்து பார்த்துத் தலை வாரிக்கொண்டு போனாராம். அன்றைக்கு வந்த பெயர். பதினோரு மாடி அலுவலகத்தில் பளிங்கு என்றால் தெரியாதவர் கிடையாது. முழங்கால் தேய்ந்துவிட்டது, இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, ஆனால் அந்தத் தரை மட்டும் ஒரு நாளும் அவர் பெயரைக் கெடுத்ததில்லை. இப்போது கெடுக்கிறது.

"மூணாவது தடவையா சொல்றேன்" என்றார் மேனேஜர் அம்மா, குதிகாலை ஒருமுறை அழுத்தி எடுத்துக் காட்டி. சர்க். "கேட்டீங்களா? வெள்ளிக்கிழமை நானே வந்து நடந்து பாப்பேன். அப்பவும் ஒட்டுச்சுன்னா நீங்க கீழ கார் நிறுத்துற இடத்தைப் பாத்துக்கோங்க. இங்க வேற ஆள் போட்டுக்கறேன்."

கீழே என்றால் நிலவறை. அங்கே வெளிச்சமும் கிடையாது, ஆளும் கிடையாது. சக்கரம் போட்ட கறுப்புக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்த்து முடித்து நிமிர்ந்தால் இன்னொரு கார் வரும். அங்கே யார் அவரைப் பளிங்கு என்று கூப்பிடப் போகிறார்கள்?

சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தார். சோப்பைக் குறைத்தார், பிறகு கூட்டினார். துடைப்பத் துணியை மாற்றினார். காலையில் கண்ணாடியாக இருக்கும். மத்தியானத்துக்குள் பிசுபிசு என்று ஆகிவிடும். அதுவும் கூடம் முழுக்க இல்லை. நடுவில் நின்ற பெரிய ரப்பர் செடியைச் சுற்றி மட்டும்.

அந்தச் செடியைப் பற்றிச் சொன்னால் சகலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். போன வருடம் வேலை இல்லாமல் நின்றவனை, பளிங்குதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைங்க, நல்லா உழைப்பான்" என்று சொல்லி உள்ளே விட்டார். தன் வாயாலேயே சொன்னார். அந்த வாயை இப்போது நினைத்தால் அவருக்கே அறையலாம்போல இருந்தது.

ஏனென்றால், வந்த ஆறாவது மாதத்தில் அவனுக்குப் பச்சைச் சட்டை கொடுத்துவிட்டார்கள். கட்டடத்துச் செடிகளுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. பளிங்குக்கு ஒன்பது வருடமாக அதே சாம்பல் சட்டை. அவன் தோளில் ஒரு பை, கையில் தண்ணீர் பீய்ச்சுகிற சீசா, மேல்பையில் ஒரு பூதக்கண்ணாடி. லிஃப்டில் ஏறினால் மனிதர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். மேசைமேல் தொட்டி வைத்திருக்கிற பெண்கள், "டாக்டர், என் செடிக்கு இலை சுருளுது", "டாக்டர், இங்க குட்டிக் குட்டியா ஏதோ பறக்குது" என்று அவன் பின்னாலேயே போனார்கள். டாக்டராம்! பக்கெட்டைத் தள்ளிக்கொண்டு அதே லிஃப்டுக்குக் காத்திருந்த பளிங்கிடம், "அண்ணே, ஈரம் காய்ஞ்சதும் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அங்கேயும் அவன்தான். சமையலறை ஜன்னலில் மனைவி வளர்த்த மணிபிளான்டில் வெள்ளையாக ஏதோ பூத்தது.

"என் தங்கச்சி வீட்டுக்காரர் வந்து பாத்தாத்தான் சரியா வரும்" என்றாள்.

"ஏன், நான் பாத்தா ஆகாதா?"

"நீங்க பாத்தா தொட்டி பளபளன்னு ஆகும். செடி?"

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான். கூடவே கொழுந்தியாளும் வந்து, "மாமா, இவரு வீட்லயும் இதே பேச்சுதான், பூச்சி பூச்சின்னு" என்று பெருமையைக் குறையாகச் சொன்னாள். அவன் காது குடைகிற பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து, கணுக்கணுவாகத் தொட்டு எடுத்தான். ஆபரேஷன் நடப்பதுபோல வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சகல, லைட்டைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க."

சொந்த வீட்டில், சொந்த ஜன்னலில், சொந்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் பளிங்கு.

"இது மாவுப்பூச்சி, அக்கா. பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டா நசுங்கும். இது பரவாயில்ல. இன்னொண்ணு இருக்கு, செதில் பூச்சின்னு. அது ஆளை ஏமாத்தும். பழுப்பா, பருப்புத் தோல் மாதிரி அசையாம ஒட்டிக்கிட்டு இருக்கும். நாம செடியோட தோல்னு நினைச்சுக்குவோம். நகத்தால சுரண்டணும். உரிஞ்சு வந்தா பூச்சி, வரலைன்னா செடி."

"அடேயப்பா!" என்றாள் மனைவி.

பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் பளிங்கு அவளிடமிருந்து ஒரு 'அடேயப்பா' வாங்கியதில்லை. சகலை மேற்கொண்டு என்னவோ சொன்னான். வாரத்துக்கு ஒருமுறை மறுபடி துடைக்க வேண்டும், செடியைத் தனியாக வைக்க வேண்டும், முக்கியமாகத் துணி விஷயத்தில் என்னவோ... பளிங்கு காதில் அது ஏறவில்லை. அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் வெளிச்சம் செடியை விட்டுச் சுவருக்குப் போயிருந்தது.

"லைட்டு, சகல" என்றான் அவன் மெதுவாக.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பை சம்பவம்.

நாலாவது மாடியில் வேலையை விட்டுப் போன ஒருத்தர் மேசைமேல் ஒரு சின்னச் செடியை விட்டுப் போயிருந்தார். குடை விரித்த மாதிரி இலை. சகலை அதைக் கறுப்புப் பையில் போட்டு, வாயை இறுக்கி இரண்டு முடிச்சுப் போட்டு, "சகல, இதைக் குப்பையோட கீழ அனுப்பிடுங்க. அவிழ்க்காதீங்க" என்று கொடுத்தான்.

அவிழ்க்காதே என்றால் கை சும்மா இருக்குமா? பளிங்கு துடைப்ப அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்தார். பார்த்தால் பச்சைப்பசேல் என்று நல்ல செடி! கொழுப்பைப் பாரேன், பார்க்க நேரமில்லை என்று உயிரோடு கட்டிக் குப்பையில் போடுகிறான், இவன் டாக்டராம் என்று நினைத்தார். இருக்கட்டும். இதை நான் வளர்த்துக் காட்டுகிறேன். ஆளுயரம் வளர்த்து ஒருநாள் எல்லோர் முன்னாலும் கொண்டுவந்து வைத்து, "டாக்டர் செத்துப்போச்சுன்னு சொன்ன ஆளு இதுதாங்க" என்று சொல்கிறேன்.

துடைப்ப அறையில் கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் கீழே, கழுவுகிற தொட்டி ஓரமாக வைத்தார். தினம் காலையில் வந்ததும் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவார். அதே துணியோடு வாசல் கூடத்துக்குப் போய், சகலை வருவதற்கு முன்னால், பெரிய ரப்பர் செடியின் இலைகளையும் ஒரு துடை துடைப்பார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. "டாக்டர் வந்த பிறகு இந்தச் செடி என்னமா மின்னுது!" என்று வரவேற்புப் பெண் ஒருநாள் சொன்னதிலிருந்து அந்தப் பழக்கம். மின்னுவது அவன் இலையாக இருக்கலாம். மினுக்கியது என் கை. இது எனக்குத் தெரியும், செடிக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. இப்போது தரை ஒட்டுகிறது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, ரப்பர் செடிக்கு அடியில் முழங்காலிட்டுத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வழுக்கைத் தலையில் பொட்டு வைத்த மாதிரி ஏதோ விழுந்தது. தடவினார். விரலோடு விரல் ஒட்டியது. அண்ணாந்து பார்த்தார்.

இலைகளின் மேல்பக்கம் கண்ணாடி. அடிப்பக்கம்? நடு நரம்பை ஒட்டி இரண்டு பக்கமும் வரிசையாக, பழுப்புப் பழுப்பாக, சட்டைப் பித்தான் தைத்த மாதிரி. ஒன்றில் நகத்தை வைத்தார். உரிந்து வந்தது. நகத்தில் ஈரம்.

உரிஞ்சு வந்தா பூச்சி.

பளிங்குக்குத் தலைகால் புரியவில்லை. வயிற்றுக்குள் இத்தனை மாதம் எரிந்ததெல்லாம் ஒரே நொடியில் குளிர்ந்தது. தரை என்னுடைய குற்றம் இல்லை! தேன் மாதிரி ஒழுகவிடுவது இந்தப் பூச்சி. பூச்சியைப் பார்க்காமல் விட்டது டாக்டர்! பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பதினோரு மாடியிலும் சுற்றுகிறவனுக்கு, வாசலில் நிற்கிற செடி தெரியவில்லை!

அப்போதே லிஃப்டில் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் தனியாகச் சொன்னால் என்ன ஆகும்? "நல்லவேளை சொன்னீங்க சகல" என்று சிரிப்பான், இரண்டு நாளில் சரிசெய்வான், மறுபடி அடேயப்பா அவனுக்கே போகும். பளிங்கு நகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை வரட்டும்.

மூன்று நாளும் அவர் நடையே மாறிவிட்டது. "என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டாள். "உன் தங்கச்சி வீட்டுக்காரர் கெட்டிக்காரர்ல, அதை நினைச்சேன்" என்றார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தரையைத் துடைத்துவிட்டு, செடிக்கு அடியில் நாலு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்தார். மேனேஜர் அம்மா பத்தரைக்கு வந்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு சகலையும் வந்து சேர்ந்தான். அவனை வரச் சொன்னதே பளிங்குதான். வரவேற்புப் பெண் மேசைக்குப் பின்னாலிருந்து கழுத்தை நீட்டினாள்.

"அம்மா, தரையில நடக்கறதுக்கு முன்னால இந்தக் காகிதத்தைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். காகிதம் விரலோடு வந்தது.

"காகிதத்தை நான் துடைக்கலையே அம்மா. அதுல எப்படிப் பிசின் வந்துச்சு?" பளிங்கு ஒரு இலையை மடக்கிப் பிடித்து அடிப்பக்கத்தைக் காட்டினார். "டாக்டரையே கேளுங்க. சகல, இதுக்குப் பேரு என்ன? நீங்கதானே எங்க வீட்ல பாடம் எடுத்தீங்க?"

சகலை இலையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஏணியில் இரண்டு படி ஏறி இன்னொரு இலையைத் திருப்பினான், இன்னொன்று, இன்னொன்று. இறங்கி வந்தபோது பச்சைச் சட்டை அவனுக்கு ஒரு அளவு பெரிதாகத் தெரிந்தது.

"செதில் பூச்சிம்மா. என் தப்புதான். மேல் மாடிக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. இங்க வந்தா இலை மேல பளபளன்னு இருந்துச்சு, அடியில திருப்பிப் பாக்கலை. இது இருந்தா ஒழுகுற பிசின்ல, இலைமேல கரி மாதிரி பூஞ்சை படியும், அதை வெச்சுக் கண்டுபிடிச்சிருப்பேன். கரியே இல்லை." தலையைச் சொறிந்தான். "ஆனா இது நடந்து வராதும்மா. குஞ்சு ரெண்டு முழம் ஊரும், அவ்வளவுதான். இங்க பக்கத்துல வேற செடியே இல்லை. யாராவது கையிலயோ துணியிலயோ ஒட்டித்தான் வந்திருக்கணும். இந்தக் கட்டடத்துல இது இருந்தது ஒரே செடியில. நாலாவது மாடியில. தண்டெல்லாம் ஏறிப்போச்சுன்னு அதைக் கட்டி..."

அவன் பளிங்கைத் திரும்பிப் பார்த்தான்.

"சகல, அந்தப் பையைக் கீழ அனுப்பினீங்கல்ல?"

பளிங்கு குனிந்து காகிதங்களைப் பொறுக்கினார். "பின்ன? அன்னிக்கே அனுப்பியாச்சு" என்றார்.

"அப்ப எப்படி வந்துச்சுன்னு தெரியலைம்மா."

"தெரியலைன்னா எதுக்குப் பச்சைச் சட்டை?" என்றார் மேனேஜர் அம்மா. "திங்கட்கிழமையிலிருந்து கழட்டி வெச்சுடுங்க. இந்தச் செடியை வெளியில தூக்கிப் போட ஆள் சொல்லுங்க." பளிங்கைப் பார்த்து, "உங்களைத் திட்டினதுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்க தரை உங்ககிட்டேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்தாயிற்று. பளிங்கு நேராகத் துடைப்ப அறைக்குப் போனார். கதவைத் தாழிட மறந்தார். சின்னச் செடியின் குடை இலை ஒன்றைத் திருப்பினார்.

பித்தான் பித்தானாக.

தண்டைத் தடவினார். கணு என்று இத்தனை நாள் நினைத்திருந்ததெல்லாம் விரலோடு உதிர்ந்தது. தொட்டி ஓரத்தில் சோப்புச் சீசா ஒட்டிக்கொண்டு வர மறுத்ததை, மூடி ஒழுகுகிறது என்று மூன்று மாதமாகத் திட்டியிருக்கிறார். கம்பியில் அந்தத் துணி தொங்கியது. தினம் இங்கே துடைத்து, நேராக அங்கே போய்த் துடைத்த துணி. கரியைக்கூட விடாமல் துடைத்த துணி.

பின்னால் கதவு திறந்தது. பக்கெட் எடுக்க வந்த சகலை.

அவன் செடியைப் பார்த்தான். தொட்டி ஓரத்தில், முடிச்சு அவிழ்த்து நாலாக மடித்து வைத்திருந்த கறுப்புப் பையைப் பார்த்தான். கம்பியில் தொங்கிய துணியைப் பார்த்தான். பளிங்கு அடிக்கு ஆயத்தமானவர்போல நின்றார். கத்தட்டும். சட்டையைப் பிடிக்கட்டும். மேலே போய்ச் சொல்லட்டும்.

"நல்லா வளத்திருக்கீங்க, சகல" என்றான் அவன். குரலில் நக்கல்கூட இல்லை. பக்கெட்டை எடுத்தான். "நான் ஒண்ணும் பாக்கலை. அக்காவுக்கும் தெரிய வேணாம். நீங்கதானே என்னை உள்ள கொண்டுவந்தது. போனாப் போகுது."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

பளிங்கு அங்கேயே இன்னொரு பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். பச்சைச் சட்டை போனாலும் இவன் என்னைவிட ஒரு படி மேலே போய் நின்றுகொண்டானே! இனி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வருவான். என் வீட்டில் உட்கார்ந்து, எதையும் சொல்லாமல், சிரித்த முகமாகச் சாப்பிடுவான். நான் எதிரே உட்கார்ந்து அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் பட்டம் போதாதென்று இதுவுமா அவனுக்கு?

விட முடியாது.

எழுந்தார். செடியைக் கறுப்புப் பைக்குள் இறக்கி, துணியையும் உள்ளே போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டார். அதைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒன்பது வருடத்தில் முதல்முறையாக, பக்கெட் இல்லாமல் லிஃப்டில் ஏறினார்.

மேனேஜர் அம்மாவின் அறை வாசலில் நின்று சொன்னார். "பூச்சியைக் கொண்டுவந்தது நான்தாம்மா. கட்டிப் போடச் சொன்னதை அவிழ்த்தது நான். அவன் மேல தப்பில்லை." பிறகு, கேட்காமலே, "அவன் சொல்லி நான் வரலை. நானாத்தான் வந்தேன். அதையும் எழுதிக்கோங்க" என்றார்.

மேனேஜர் அம்மா பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அப்ப ஒட்டினதும் உங்களால, வாசல் செடியைத் தூக்கிப் போட இருந்ததும் உங்களால?"

"ஆமாம்மா."

"அந்தச் செடியைச் சுத்தம் பண்ண முடியுமா?"

"அது அவனுக்குத்தான் தெரியும்." அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பச்சைச் சட்டை சகலையிடமே தங்கியது. பளிங்கு திங்கட்கிழமை நிலவறைக்குப் போனார். செடி தேறினால் பார்க்கலாம் என்றார்கள். மூன்று சனிக்கிழமை, இரண்டு பேரும் சேர்ந்து ரப்பர் செடியை இலை இலையாகச் சுரண்ட வேண்டும் என்று ஏற்பாடு.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். "நீங்களாப் போய்ச் சொன்னீங்களா?" என்றாள். அடேயப்பா வரப்போகிறது என்று பளிங்கு காத்திருந்தார். "அவரு பாத்தும் பாக்காத மாதிரி போனாரா? என்ன மனசு பாருங்க!" என்றாள்.

முதல் சனிக்கிழமை, செடிக்கு இந்தப் பக்கம் பளிங்கு, அந்தப் பக்கம் சகலை. "இது உங்க துணி, அது என் துணி. மாத்திக்காதீங்க" என்றான் அவன். நகத்தால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி, சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு இலை முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஒரு தடவையில் போகாது, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இருக்கும், பத்து நாளில் மறுபடி வரும் என்றான். இந்த முறை பளிங்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். ஆனால் தன் பக்கத்து இலைகளை முடித்ததும், சுற்றி வந்து அவன் பக்கத்து இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாவது சனிக்கிழமைதான் கிடைத்தது. கண் உயரத்தில், நடு நரம்பின்மேல், பளிச்சென்று ஒரே ஒரு பித்தான்.

"சகல! இங்க ஒண்ணு விட்டுட்டீங்க!" கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

வரவேற்புப் பெண் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அட, ஆமா. பளிங்கு அண்ணனுக்கு என்ன கண்ணு!" என்றாள்.

"அடடா, எப்படி விட்டேன்?" என்றான் சகலை, ஏணிமேலிருந்து.

பளிங்கு அந்தப் பூச்சியை நகத்தில் எடுத்து, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்து, நசுக்கினார். உடம்பெல்லாம் இனித்தது. நிலவறைக்கு இறங்குகிற படி வரைக்கும் இனித்தது.

மூன்றாவது படியில் நின்றுவிட்டார். கண் உயரத்தில், பளிச்சென்று, அவ்வளவு பெரிய பூச்சி. பூதக்கண்ணாடி வைத்திருக்கிறவன். மூன்று சனிக்கிழமையாக ஒன்றுகூட விடாதவன்.

எனக்காக விட்டு வைத்தானோ?

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.